பொழுது சாயுமுன் அடிசில்: தமிழ்ச் சமணர் இல்லங்களில் மாலை உணவும் சிக்கனமும்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் ஓர் அடுக்களைக் காட்சி உண்டு. கவுந்தியடிகளிடமிருந்து கண்ணகியை அடைக்கலமாகப் பெற்ற இடையர்குல மூதாட்டி மாதரி, அவ்விருவரையும் தன் சிறுமனையில் தங்கவைக்கிறாள். கோவலன் சாவக நோன்பு பூண்டவன் என்பதை அறிந்த அவள், அவன் பகற்பொழுதிலேயே உண்ணத்தக்க உணவைச் சமைப்பதற்கு நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாது கொடுக்குமாறு ஆய்ச்சியரிடம் கூறுகிறாள். பிறர் வீட்டு விருந்தினரின் நோன்பை அவர் சொல்லாமலே அறிந்து, பொழுது போவதற்குள் அடுப்பு மூட்ட வழி செய்த அந்த அம்மையின் பரிவு நம்மவர்கள் என்றும் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

ஆய்ச்சியர் கொடுத்த பொருள்களை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறார். பலாக்காய், வரியுடைய வளைந்த வெள்ளரிக்காய், பசிய மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, தங்கள் ஆவின் பயன் ஆகியவை அவை. இப்பட்டியலை ஊன்றிப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். இதில் மண்ணுக்குள் விளையும் கிழங்கு ஒன்றேனும் இல்லை. மரத்திலும் கொடியிலும் காய்ப்பனவும், வயலில் கதிராக விளைவதும், பசு தருவதும் மட்டுமே உள்ளன. சமண இல்லறத்தார் உண்ணத்தக்கவை எவை என்பதை ஆயர் சேரியினரும் அறிந்திருந்தனர் என்று கொள்ளுதற்கு இஃது இடந்தருகிறது. கண்ணகி வளைந்த அரிவாளால் காய்களை அரிகிறாள், மெல்விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, ஐயை வைக்கோலால் தீ மூட்டித் தருகிறாள். பின்னர் வாழைக் குருத்தில் உணவு படைக்கப்படுகிறது. மாநாய்கன் மகள் எளிய ஆயர் மனையில், கிடைத்த பொருளைக்கொண்டு, இரண்டு பேருக்கு அளவாகச் சமைத்த உணவு அது. அவன் உண்ட கடைசி உணவும் அதுவே.

தமிழில் ஒரு சமண இல்லத்தின் உணவு இத்துணை விரிவாகப் பதிவான பழைய இடம் வேறில்லை எனலாம். அந்த மரபு பிற்காலத்தில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் ஏரிக்கரை ஊர்களில் எவ்வாறு தொடர்ந்தது, அதன் கட்டுப்பாடுகளே எவ்வாறு குடும்பச் செலவைக் காத்தன என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இரவுண்ணாமையின் அடிப்படை

தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் ஒன்றாக, நன்கு பார்த்து உண்ணுதலையும் பருகுதலையும் வைத்தது. காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் சமந்தபத்திராசாரியர், இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தான் ஏறவேண்டிய பதினொரு படிகளைக் கூறுமிடத்து, ஆறாம் படியாக இரவுணவு துறத்தலை அமைத்தார். உண்பன, பருகுவன, தின்பன, நக்குவன என்னும் நால்வகை உணவையும் இரவில் விலக்குவது அது. அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. அமிர்தசந்திரரின் புருஷார்த்த சித்தியுபாயமும் இப்பொருளை வாதமுறையில் ஆராய்கிறது. கதிரவன் ஒளியில்லாத வேளையில் விளக்கை ஏற்றினாலும், உணவில் வந்து விழும் நுண்ணுயிர்களைக் காப்பது அரிது என்பதே அவ்வாதத்தின் சாரம்.

ஆகவே இந்த நோன்பு பிறந்தது உயிர்களின்பால் கொண்ட அருளால்; காசு மிச்சம் பிடிப்பதற்காக அன்று. ஆயினும் வீட்டுக் கணக்கில் அதன் விளைவு சிறிதன்று. விளக்கெண்ணெயை எடுத்துக்கொள்வோம். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, நன்னப்பையன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை அளித்த தருமத்தைக் கூறுகிறது. நந்தாவிளக்கு ஒன்றுக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் வைத்தார் அவ்வம்மையார். அமுதின் அளவு எவ்வளவு என்பது வேறு. கோயில் விளக்கையும் குடிசை விளக்கையும் ஒப்பிடுவதும் முழுதும் பொருந்தாது. ஆனால் ஓயாது எரியும் விளக்கு அக்காலத்தில் எத்துணைப் பெருஞ்செலவு என்பதற்கு இஃதொரு சான்று. மாலையிலேயே உண்டு, கலங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்ட வீட்டில், சாமி மாடத்து விளக்கு ஒன்றே போதுமானதாயிற்று.

உப்பும் வெல்லமும் விற்றவர்களுக்கும் சமண அறத்தில் பங்குண்டு. மதுரைக்கு அருகேயுள்ள அழகர்மலைக் குகையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில், துறவியர்க்குக் கற்படுக்கை அமைக்க உதவியவர்களுள் உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோர் குறிக்கப்படுகின்றனர். பாணிதம் என்பது வெல்லப்பாகு. அடுக்களைக்கு வேண்டிய சரக்கை விற்றுச் சிறுகச் சேர்த்தவர்களே அடிகளார்க்கு இடமமைத்தனர் என்பது கருதத்தக்கது.

பழையது இல்லாத வீடு

தமிழ்நாட்டு உழவர் குடும்பங்களில் சிக்கனத்தின் பெயர் பழைய சோறு. இரவு வடித்த சோற்றில் மிஞ்சியதை நீரூற்றி வைத்து, காலையில் மோர் விட்டு உண்பர். நோன்பு வழுவாத சமண வீட்டில் இவ்வழி அடைபட்டது. சமைத்த சோறும் குழம்பும் இரவைக் கடந்தால் அவை உண்ணத்தகாதவை. அரைத்த மாவுக்கும் கால எல்லை உண்டு: மழைக்காலத்தில் 3 நாள், வேனிலில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள். வடிகட்டிய நீருக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அதன்பின் மீண்டும் வடிகட்ட வேண்டும்.

பிறர் இவற்றைக் கேட்டால், இது பெருஞ்செலவு பிடிக்கும் வாழ்க்கை என்றே எண்ணுவர். நடைமுறையில் நேர்ந்தது அதற்கு மறுதலை. மிஞ்சியதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்திற்கே இடமில்லாத வீட்டில், மிஞ்சாதபடி சமைக்கும் கணக்கு பெண்டிர்க்குக் கைவந்த கலையாயிற்று. அரிசிப் பானைக்குள் எப்போதும் ஆழாக்கு ஒன்று கிடக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி. காலை உணவுக்கு இத்தனை, மாலை உணவுக்கு இத்தனை, வயலிலிருந்து வருபவர்க்கு இத்தனை, முதியவர்க்கு அதில் பாதி என்று அளந்து போடுவது வழக்கம். கண்ணளவாகப் போடுவதை மாமியார்கள் ஒப்புக்கொண்டதில்லை. மெட்ரிக் அளவுகள் வந்து தலைமுறைகள் ஆனபின்னும் பல வீடுகளில் அந்தப் பித்தளை ஆழாக்கு பானையை விட்டு வெளியேறவில்லை.

மாவின் கால எல்லையும் இத்தகையதே. ஒரு மாதத்திற்கு வேண்டிய மாவை அரைத்து வைத்து, வண்டு விழுந்தபின் கொட்டுவது நிகழவில்லை. கேழ்வரகையும் வரகையும் சாமையையும் முழுத் தானியமாகவே வெயிலில் காயவைத்து, வேப்பிலை இட்டுக் குதிரிலும் பானையிலும் வைத்தனர். வேண்டும்போது திருகையில் இரண்டொரு நாளைக்குரிய மாவை மட்டும் திரித்துக்கொண்டனர். பூச்சி விழுந்தபின் கொல்வதினும், விழாமல் காப்பதே அறம், அதுவே மலிவும்கூட.

மாலை உணவின் அமைப்பு

இவ்வூர்களின் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுத் தொழிலைச் சார்ந்தவை. ஏரி நிரம்பிய ஆண்டில் நெல் விளையும். விளைந்த நெல்லில் ஒரு பகுதி வரிக்கும் கடனுக்கும் சந்தைக்கும் போகும். வீட்டில் ஒரு வேளை நெல்லரிசி, மறுவேளை புன்செய்த் தானியம் என்பது பொது வழக்கு. முற்பகலில் சோறும் குழம்பும் உண்டவர்கள், கதிரவன் மறைய இரண்டு நாழிகை இருக்கும்போதே மாலை உணவை முடிக்க வேண்டும். நம் பகுதியில் கார்த்திகைத் தொடக்கத்தில் பொழுது ஏறத்தாழ 5.40 மணிக்கே சாய்கிறது. ஆனி மாதத்தில் 6.40 வரை நீள்கிறது. எனவே கார்த்திகையில் மாலை உணவு 5 மணிக்கு முன்னரே முடிந்தாக வேண்டும். அடுப்பில் நெடுநேரம் நிற்க இயலாது. விரைவில் வேகும் பண்டம், குறைந்த விறகு, ஒரே கலம் என்னும் மூன்றும் சேர்ந்ததே மாலைச் சமையல்.

அவற்றுள் தலையாயது பயற்றங்கஞ்சி. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு இரண்டு ஆழாக்குச் சாமையரிசியும் அரை ஆழாக்குப் பாசிப்பருப்பும் போதும். பருப்பை வெறுஞ்சட்டியில் மணம் வருமளவு வறுத்து, சாமையோடு சேர்த்துக் கழுவி, ஏழு மடங்கு நீரில் வேகவைக்க வேண்டும். பாதி வெந்ததும் பொடித்த மிளகும் சீரகமும் உப்பும் இட்டு, இறக்கும்போது ஒரு கரண்டி நெய்யில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவர். பூண்டு இல்லாக் குறையைப் பெருங்காயம் தீர்த்துவைக்கும். துணைக்குச் சுட்ட அப்பளமோ வறுத்த வற்றலோ இருந்தால் போதும். அரிசி புடைக்கும்போது விழும் நொய்யையும் வீணாக்குவதில்லை. நொய்க்கஞ்சி, நொய் உப்புமா என இருவகையாகவும் அது மாலைக்குப் பயன்பட்டது.

கேழ்வரகு அடை மற்றொன்று. அன்று திரித்த மாவில் முருங்கைக்கீரையை ஆய்ந்து சேர்த்து, உப்பும் மிளகாயும் இட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் கையால் தட்டிச் சுடுவது. அட்டமி, சதுர்த்தசி ஆகிய நோன்பு நாள்களில் பச்சைக் காய்கறியும் கீரையும் விலக்குபவர்கள், கீரைக்குப் பதிலாக வறுத்துப் பொடித்த வேர்க்கடலையைச் சேர்த்தனர். வேர்க்கடலை மண்ணுக்குள் விளைவதாயிற்றே என்று வினவுவோர் உண்டு. பெயரில் வேர் இருப்பினும் அது வேரன்று, கிழங்கன்று. காய்க்குள் காயும் விதை. ஆகையால் கிழங்கை விலக்குபவர்களுள் பலரும் அதை ஏற்றனர். ஆர்க்காட்டுப் புன்செய்களில் அது பெருகியபின், எளியவர் மாலை உணவில் பருப்பின் இடத்தை ஓரளவு அதுவே நிரப்பியது.

மோரும் தயிரும் வீட்டுப் பசுவின் பயன். காசு கொடுத்து வாங்குவதன்று. ஆனால் காய்ச்சாத தயிரோடு இருபிளவாக உடையும் பருப்பு வகைகளைக் கலப்பது துவிதளம் என விலக்கப்பட்டது. இவ்விதியை நுட்பமாகக் காப்பவர்கள் மோர்க்குழம்புக்குக் கடலைப்பருப்பை அரைத்து விடாமல், ஊறவைத்த அரிசியும் தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்ப்பர். தயிர்ச்சோற்றுத் தாளிதத்தில் உளுத்தம்பருப்பை விட்டுக் கடுகோடு நிறுத்துவர். சுவையில் குறைவில்லை. பூசணி, சுரை, பீர்க்கு, வாழைத்தண்டு என்று கொல்லையிலும் கூரைமேலும் காய்ப்பவையே அக்குழம்பில் இடம்பெற்றன. வெங்காய விலை ஏறியது என்று ஊரே பேசும் ஆண்டுகளில் இவ்வீடுகளில் அப்பேச்சு எழுந்ததில்லை என்பதைச் சற்றுப் பெருமையுடனேயே சொல்லலாம்.

சாதுர்மாச மழைக்காலமே இல்லத்தலைவியின் திறனை உரைத்துப் பார்க்கும் காலம். கீரையிலும் பசுங்காயிலும் நுண்ணுயிர்கள் மிகுந்திருக்கும் என்பதால் பலர் அவற்றை அந்நான்கு மாதமும் துறப்பர். கோடையிலேயே அதற்குரிய ஏற்பாடு நடந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் கொத்தவரை, வெண்டை, சுண்டைக்காய், மணத்தக்காளி, மாங்காய் ஆகியவை வற்றலாகும். மலிந்த காலத்துக் காய், விலையேறிய காலத்திற்கு வரும். மொச்சை, காராமணி, அவரைக்கொட்டை ஆகியவை பானைகளில் நிறையும். மழை நாளில் மாலை வேளைக்கு வற்றல் குழம்பும், முதல் நாளே ஊறவைக்காமல் காலையில் ஊறவைத்து அன்றே வேகவைத்த மொச்சைச் சுண்டலும் ஆயத்தமாகும். சென்னைச் சௌகார்பேட்டையில் குடியேறிய இராசத்தானத்துச் சமணர்களும் இதையே வேறு பண்டங்களால் செய்கின்றனர். பாலைநிலத்தில் விளையும் கேர், சாங்கிரி ஆகியவற்றை உலர்த்தி வைத்து நோன்பு நாள்களில் சமைப்பதும், பொழுது சாயுமுன் கிச்சடியும் கடியும் உண்டு முடிப்பதும் அவர்தம் மரபு. நம் வெண்பொங்கலும் அவர்கள் கிச்சடியும் உடன்பிறந்தவை போல்வன. இருவேறு நிலம், இருவேறு மொழி. எண்ணம் மட்டும் ஒன்று.

பஞ்சமும் பங்கீடும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் ஆர்க்காட்டு ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. அத்தகைய காலத்தில் உணவுத் திட்டம் என்பது சுவைக்குரிய பொருளன்று. உயிர் தாங்குதற்குரிய வழி. அதனினும் அண்மைக்காலத்து நெருக்கடி 1942-இல் வந்தது. பர்மா சப்பானியர் கைக்குச் சென்றதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்தன. 1952-இல் இராசாசி முதலமைச்சரான பின்னரே சென்னை மாநிலத்தில் அவை நீக்கப்பட்டன. அவ்வாண்டுகளில் இருவேளையும் நெல்லரிசியே உண்டு பழகிய நகரத்தார் பெரிதும் இடர்ப்பட்டனர். ஒரு வேளைக்குச் சாமையும் கேழ்வரகும் கைப்பழக்கமாக இருந்த வீடுகளில் மாற்றம் அத்துணைக் கடிதாகத் தோன்றவில்லை.

1965-ஆம் ஆண்டு, போரும் உணவுத் தட்டுப்பாடும் ஒருசேர வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாத்திரி வாரத்தில் ஒருநாள் மாலை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை மாலைகளில் உணவு விடுதிகள் பலவும் மூடப்பட்டன. நாடு முழுவதும் ஒரு நோன்பை மேற்கொண்ட அரிய நிகழ்ச்சி அது. அட்டமியும் சதுர்த்தசியுமாகத் திங்களுக்கு நான்கு நாள் ஒருவேளை உணவோ முழு உபவாசமோ கொள்ளும் குடும்பங்களுக்குப் பிரதமரின் வேண்டுகோள் புதியதன்று. ஆயினும் இரண்டற்கும் வேறுபாடுண்டு. அஃது அரிசியைக் காக்க. இஃது ஆன்மாவைக் காக்க.

சிக்கனத்தை உலோபம் என்று மயங்குவோர்க்கு இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். முனிவர் தமக்கென்று தனியே சமைத்ததை ஏற்பதில்லை; இல்லத்தார் தமக்கென ஆக்கிய தூய உணவில் ஒரு பகுதியையே, நாளுக்கு ஒருமுறை, நின்றவாறு கைகளில் ஏற்கின்றனர். ஆகவே வீட்டு உணவே எந்நாளும் தானத்திற்குத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும். ஆழாக்கால் அளந்து போட்ட அதே கை, அளந்தபின் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு கலயத்தில் இடுவதும் உண்டு. ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதலாவதற்கு அந்தக் கலயமே மூலதனம்.

மின்விளக்கு வந்தபின்

இம்மரபைப் பஞ்சம் அசைக்கவில்லை, மின்விளக்கு அசைத்தது. ஊர்தோறும் மின்சாரம் வந்தபின் இரவும் பகல்போல் ஆயிற்று. நகரத்து அலுவலகம் மாலை 6 மணிக்கு விடுகிறது. வீடு சேர 7.30 ஆகிறது. விளக்கொளியில் நுண்ணுயிர் தெரியாது என்னும் பழைய வாதத்திற்கு, இக்காலத்து விளக்கில் எல்லாம் தெரிகிறதே என்று இளையோர் விடை கூறுகின்றனர். விளக்கு எத்துணை வெளிச்சமோ அத்துணை விட்டில் என்பதை ஐப்பசி மாதத்து மாலையில் தெருவிளக்கடியில் நின்று பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். எனினும் வாதத்தால் மட்டும் அலுவலக நேரம் மாறிவிடாது.

இதற்கு வழி கண்ட குடும்பங்களும் உள. சென்னையிலும் வேலூரிலும் பணிபுரிவோர் சிலர், பகலுணவோடு மாலைக்குரிய சிறு சம்புடம் ஒன்றையும் எடுத்துச் செல்கின்றனர். சமைத்த சோறும் குழம்பும் ஆறு மணிநேரத்தைக் கடத்தல் ஆகாது என்பதால் அதற்கு அவை பொருந்தா. பொரியும் வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்த கலவை, வறுத்த அவல், வாழைப்பழம் ஆகியவையே ஏற்றவை. அனைத்தும் நம் பாட்டிமார் வயலுக்கு மடியில் கட்டிச் சென்றவை. விலையும் உணவகத்துச் சிற்றுண்டியில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாது. வீட்டிலிருக்கும் முதியவர்களும் சிறுவர்களும் 5 மணிக்குக் கஞ்சி குடித்துவிடுகின்றனர். விடுமுறை நாளில் அனைவரும் ஒன்றாக அமர்கின்றனர். சில இல்லங்களில் சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்கு அருகே, அந்தந்த மாதத்துச் சூரிய மறைவு நேரத்தை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்நேரத்திலிருந்து 48 நிமிடத்தைக் கழித்து, அடுப்பணைக்கும் நேரத்தைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறார்கள்.